இடக்கையின் மூன்று நகங்கள்

அக்னெஸ் தன் இடக்கையில் கட்டைவிரல், சுட்டுவிரல், நடுவிரல் என்று மூன்று நகங்களை ஒன்பது மாதமாக வளர்த்து வந்தாள். வீட்டில் அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. வேலையிடத்தில் யாராவது பார்த்துவிட்டால் தீர்ந்தது.

மொன்ட்ரியால்-நோரில் வயோதிபர்களுக்கான ஒரு பராமரிப்பு இல்லத்தில் அவளுக்கு அது பதினோராவது வருடம். குளிப்பாட்டுவது, உடுப்பு மாற்றுவது, ஊட்டுவது, கட்டிலிலிருந்து கதிரைக்குத் தூக்கி இருத்துவது எல்லாம் அவள் வேலை. அங்கே சேருகிற ஒவ்வொருவரும் ஒரு தாளில் கையெழுத்துப் போடவேண்டும். மோதிரம் கூடாது. காப்புக் கூடாது. நகம் விரல் நுனியைத் தாண்டக் கூடாது. வயதானவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, தொட்டாலே கிழிந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு இதை விளங்கப்படுத்துகிற பொறுப்பைத் தலைமைத் தாதி சில்வி அக்னெஸிடம்தான் கொடுத்திருந்தாள்.

ஆகவே அவள் ஒரு பொய் சொன்னாள். சவர்க்காரம் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, கடிக்கிறது, ஆனபடியால் எந்நேரமும் கையுறை போட்டுக்கொள்கிறேன் என்று சில்வியிடம் சொன்னாள். பதினொரு வருடமாகக் குற்றம் குறை இல்லாமல் வேலைசெய்தவள் சொன்னதைச் சில்வி நம்பினாள். மத்தியானச் சாப்பாட்டு வேளையில் கையுறையைக் கழற்றும்போது அக்னெஸ் இடக்கையைப் பொத்திப் பிடித்து மேசைக்குக் கீழே வைத்துக்கொள்வாள். ஒன்பது மாதமாக வலக்கையால் மட்டுமே சாப்பிட்டாள், தேநீர் குடித்தாள், கதவு திறந்தாள். ஒவ்வொரு நாளும் மூன்றரை மணிக்கு வெளிக்கதவைத் தாண்டி பஸ் தரிப்புக்கு வந்தபிறகுதான் அந்தக் கை தானாக விரியும்.

எல்லாம் முந்தின வருடம், 2005 ஆனி மாதத்தில் தொடங்கியது. இல்லத்துச் சாப்பாட்டு மண்டபத்தில் மாதம் ஒருமுறை யாராவது வந்து பாடுவார்கள், வாசிப்பார்கள். அன்றைக்கு மரி-ஏவ் என்று ஒருத்தி, முப்பது வயதுகூட ஆகாதவள், ஹார்ப் என்கிற ஐரிஷ் யாழ் ஒன்றோடு வந்தாள். ஒரே மரக்கட்டையில் குடைந்த உடம்பு, பித்தளைக் கம்பிகள். முழங்கால்களுக்கிடையில் நிறுத்தி, இடத்தோளில் சாய்த்து, நகத்தால் மீட்டினாள். மதாம் தெபேர்ஜ் என்ற தொண்ணூற்றொரு வயதுக் கிழவி, "யாரடா கரண்டிப் பெட்டியைக் கொட்டினது?" என்று கத்தினாள். அவளைச் சமாதானப்படுத்தத் தள்ளுகதிரைக்குப் பக்கத்தில் நின்ற அக்னெஸ் வேறொன்றைக் கவனித்தாள். ஒரு கம்பியை மீட்டிய விரல் கொஞ்சம் பொறுத்து அதே கம்பிக்குத் திரும்பிப் போய் அதைத் தொட்டு நிறுத்துகிறது. ஒவ்வொரு தடவையும்.

முடிந்ததும் போய்க் கேட்டாள். "ஏன் திரும்பத் திரும்ப நிறுத்துகிறீர்கள்?"

"இங்கே ஆறு தடவை வாசித்திருக்கிறேன். இதை ஒருவரும் கேட்டதில்லை" என்றாள் மரி-ஏவ். "நைலோன் கம்பியின் ஓசை தானாகச் செத்துவிடும். பித்தளை சாகாது. விட்டால் பத்துப் பன்னிரண்டு செக்கன் கத்திக்கொண்டே இருக்கும். அடுத்த சுரம் வந்து இதோடு மோதும். எல்லாம் கஞ்சியாகிவிடும். பழைய ஐரிஷ் வாசிப்பில் பாதி வேலை மீட்டுவது. மறுபாதி, எதை நிறுத்துவது, எதை நிற்கவிடுவது என்பது. கை வைத்துப் பாருங்கள்."

அக்னெஸ் கை வைத்தாள். மன்னாரில் கோயில் பாடகர் குழுவில் இருந்த காலத்திலேயே, "பிள்ளை, நீர் கொஞ்சம் மெல்லமாய்" என்று ஒதுக்கப்பட்டவள் அவள். மொன்ட்ரியாலில் பங்குக் கோயிலிலும் வாயை மட்டும் அசைப்பாள். தன் விரலுக்கு ஒரு சத்தம் பணிகிறது, அது தான் தொடும்வரை போகாமல் நிற்கிறது என்பது நாற்பது வயதில் அவளுக்குப் புதிதாக இருந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு செவ்வாயும் வேலை முடிந்து பஸ், சுரங்க ரயிலான மெற்றோ, பிறகு அதன் மஞ்சள் தடத்தில் ஆற்றுக்குக் கீழால் மரி-ஏவ் பாடம் சொல்லிக்கொடுக்கிற லொங்குய்ய். மரி-ஏவ் பத்தொன்பது கம்பிகள் கொண்ட ஒரு சின்ன யாழை அவளிடம் இரவலாகக் கொடுத்துவிட்டாள். கணவன் யோசெப் அதை முதலில் கண்டபோது, "யாழ்ப்பாணத்தாரிட்டையே யாழ் இல்லை. மன்னாராளுக்கு எங்காலை வந்தது?" என்று சிரித்தான். சிரித்துவிட்டு அதை வைக்கக் முன்னறை யன்னலோரம் ஒரு பலகையும் அடித்துக் கொடுத்தான்.

ஐரிஷ் முறையில் மேல்சுரங்கள் இடக்கைக்கு. "நகம் இருந்தால்தான் அந்தப் பழைய ஓசை வரும்" என்று ஆவணியில் மரி-ஏவ் சொன்னாள். "முதலில் இடக்கைக்கு மூன்று போதும். உங்கள் வேலையில் பிரச்சினை இல்லையா?"

"இல்லை" என்றாள் அக்னெஸ்.

மாரியில் வேல்ஸ் முறைக்கு வந்தார்கள். அது நானூறு வருடப் பழமையான ஒரு கையெழுத்துப் பிரதியிலிருந்து வந்தது. அதில் சுரக்கோடு இல்லை, எழுத்துகள்தான். ஒவ்வொரு சின்ன விரலசைவுக்கும் ஒரு பெயர். பின்னல் என்று ஒன்று, கட்டைவிரல் நெரிப்பு என்று ஒன்று, நகத்தால் செய்கிற பிறாண்டல் என்று ஒன்று. பின்னலில் இரண்டு விரல்கள் இரண்டு கம்பிகளில் மாறிமாறி மீட்டி, ஒன்றின் ஓசையை மற்றது மூடும். "அந்த நாட்டு யாழுக்குக் குதிரைமயிர்க் கம்பி. நம்மிடம் அது இல்லை, பித்தளையில் பழகுவோம்" என்றாள் மரி-ஏவ். "இதை எப்படி வாசிப்பதென்று படித்தவர்களே இன்னும் சண்டைபிடிக்கிறார்கள். ஆகவே நாங்கள் பிழைவிட்டாலும் ஒருவராலும் நிரூபிக்க முடியாது."

வைகாசிக் கடைசி ஞாயிறு மாணவர்களின் வாசிப்பு என்று நாள் வைத்தாயிற்று. ஆறு பேர். அக்னெஸுக்கு ஒரு வேல்ஸ் உருப்படி. இன்னும் பன்னிரண்டு நாள் இருந்த ஒரு செவ்வாய்க்கிழமை அது நடந்தது.

அன்று காலை மதாம் தெபேர்ஜ் குளிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள். மேலுக்கு வார்த்துத் துடைத்து, கடும் சிவப்புக் கம்பளிச் சட்டையின் கைக்குள் கையைவிடும்போது கிழவி திடீரென்று கையை உதறினாள். அக்னெஸ் எட்டிப் பிடித்தாள். ஒரு சின்ன இழுவை. கிழவி "ஆய்!" என்றாள். அவள் எதற்கும் "ஆய்!" என்பவள்தான்.

அக்னெஸ் தன் கையைப் பார்த்தாள். கையுறையின் சுட்டுவிரல் நுனி கிழிந்து, நகத்தின் ஒரு மூலை உடைந்திருந்தது. பன்னிரண்டு நாளில் நகம் வளருமா? ஒட்டலாமா? அவசரமாகச் சட்டைக் கையை இழுத்துவிட்டு, பொத்தான்களைப் பூட்டி, கிழவியைச் சாப்பாட்டு மண்டபத்துக்குத் தள்ளிக்கொண்டு போனாள். நாள் முழுக்க அவள் நினைப்பு அந்த உடைந்த மூலையிலேயே இருந்தது. பின்னேரம் மருந்துக்கடையில் நகப்பசை வாங்கி, மெற்றோவில் இருந்தபடியே பூசினாள். "பரவாயில்லை, ஓசை கொஞ்சம் கூராகும், அவ்வளவுதான்" என்று மரி-ஏவ் சொன்னபோது அவளுக்குப் பெரிய பாரம் இறங்கியதுபோல இருந்தது.

அடுத்த நாள் காலை ஏழரைக்கு, வேலை கைமாறுகிற வேளையில் சில்வி எல்லோரையும் நிறுத்தினாள்.

"மதாம் தெபேர்ஜின் இடக்கையில் தோல் கிழிந்திருக்கிறது. நாலு சென்ரிமீற்றர். நேற்றுப் பின்னேரம் நாலு மணிக்குச் சிவமலர் கண்டு சொல்லியிருக்கிறாள். சிவமலர் கையில் காப்பு இருந்தது. இரண்டு தடவை கழற்றச் சொல்லியும் கழற்றவில்லை. திங்கட்கிழமை முடிவெடுக்கும்வரை அவள் வேலைக்கு வரமாட்டாள்."

சிவமலர் மட்டக்களப்புப் பிள்ளை. இருபத்தெட்டு வயது. பின்னேர வேலைக்கு வந்து ஐந்து மாதம். தகுதிகாண் காலம் முடிய இன்னும் மூன்று கிழமை இருந்தது. அந்தத் தாளை அவளுக்கு வாசித்து விளங்கப்படுத்தியது அக்னெஸ். "காப்பை அறுத்தெண்டாலும் எடுத்துப்போடும் பிள்ளை" என்று சொன்னதும் அவள்தான், மணிக்கட்டுவரை கையுறை போட்ட கையை ஆட்டி ஆட்டி.

அக்னெஸ் கையுறையை இறுக்கி இழுத்துவிட்டாள். காப்பாகத்தான் இருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். காப்பு பொன். விளிம்பு கூர். நாலு மணிக்கு நடந்தது. நான் மூன்றரைக்கே போய்விட்டேன்.

மதாம் தெபேர்ஜுக்குக் காலைச் சாப்பாடு ஊட்டப் போனபோது கையில் வெள்ளைக் கட்டுப் போட்டிருந்தது. கிழவி அக்னெஸை உற்றுப் பார்த்தாள். "பூனை" என்றாள்.

"எந்தப் பூனை, மதாம்?"

"பூனை பிறாண்டியது. காலையில். பூனையை வெளியே விடு."

பக்கத்தில் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த தாதி சிரித்தாள். "நேற்று இரவிலிருந்து பூனைப்பாட்டுத்தான். இங்கே ஏது பூனை!" அக்னெஸும் சிரித்தாள். கரண்டியிலிருந்த கஞ்சி மேசையில் சிந்தியது.

அன்று பின்னேரம் பஸ் தரிப்பில் சிவமலர் நின்றாள். உடுப்பு அலுமாரியைக் காலியாக்க வந்திருந்தாள். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

"அக்கா, நான்தான் செய்திட்டன்" என்றாள். "இந்தக் காப்புத்தான். கல்யாணத்துக்குப் போட்டது, கைய விட்டுக் கழருதில்ல. வெட்டப்போறன் வெட்டப்போறன் எண்டு நாளக் கடத்திட்டன்."

"நீர் கண்டனீரோ காப்பு பட்டதை?"

"காணல்ல. உடுப்பு மாத்தக்குள்ள சட்டக் கை கழருதேயில்ல அக்கா. தோலோட ஒட்டிக்கிட்டு நின்டது. நான் மெல்லமா இழுத்தன். இழுக்கக்குள்ள ரத்தம் வந்திச்சு. அப்பதான் காப்பு கீறியிருக்கும்."

அக்னெஸ் கணக்குப் பார்த்தாள். ஒட்டிக்கொண்டு நின்றதா? இழுக்கும் முன்னமே ஒட்டியிருந்ததென்றால், இரத்தம் அதற்கு முன்னமே வந்து காய்ந்திருக்கவேண்டும். கடும் சிவப்புச் சட்டை. வெளியே தெரிந்திராது. காலையில் அந்தச் சட்டையைப் போட்டுவிட்டது யார்? கிழிந்த கையுறை யாருடையது?

"அந்த மனிசி என்ட அம்மம்மா மாதிரி அக்கா. நான் எப்படி அப்படிச் செய்தன்" என்று சிவமலர் அழுதாள்.

இப்போது சொல்லவேண்டும். அக்னெஸ் வாயைத் திறந்தாள். பஸ் வந்தது. "அழாதையும். எல்லாம் சரிவரும்" என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டாள். யன்னலால் பார்த்தபோது சிவமலர் கையை ஆட்டி வழியனுப்பினாள். அந்தக் கையசைப்பை அக்னெஸால் அன்று முழுவதும் கண்ணுக்குள்ளிருந்து எடுக்க முடியவில்லை.

வியாழன் கிழவிக்குக் காய்ச்சல். காயத்தில் கிருமி ஏறிவிட்டது என்றார்கள். மகன் வேலையை விட்டுவிட்டு வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தார். "யார் செய்தது?" என்று சில்வியிடம் கேட்டது கதவுக்கு வெளியே துவாய் அடுக்கிக்கொண்டிருந்த அக்னெஸுக்குக் கேட்டது. சில்வி சொன்ன பதில் கேட்கவில்லை. தொண்ணூற்றொரு வயது. காய்ச்சல் ஏறினால் என்ன நடக்கும்? பதினொரு வருடத்தில் அவள் கண்ட மரணங்களுக்கு எண்ணிக்கை இல்லை. பல இப்படித்தான் தொடங்கின.

வீட்டுக்கு வந்து குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு நகவெட்டியை எடுத்தாள். வெட்டிவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. மூன்று வெட்டு, தண்ணீரை இழுத்துவிட்டால் சரி. கட்டைவிரல் நகத்தில் வைத்து அழுத்தப் போனவள் நின்றாள். பிறகு ஒருநாள் நான் போய்ச் சொன்னாலும் ஒருவரும் நம்பமாட்டார்கள். நம்பவேண்டுமென்றால் இது இருக்கவேண்டும். நகவெட்டியைத் திரும்ப வைத்தாள். வெட்டவும் முடியவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை. கதவுக்கு வெளியே யோசெப், "என்னப்பா, உள்ளுக்கை நித்திரையே?" என்று கேட்டான்.

வெள்ளிக்கிழமை மரி-ஏவ் கூடுதலாக ஒரு பாடம் வைத்திருந்தாள். அக்னெஸ் போனாள், போகாமல் இருக்க ஒரு காரணம் சொல்லத் தெரியாதபடியால். பின்னலைத் தொடங்கினாள். மூன்றாவது வரியில் மரி-ஏவ் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"கம்பியைப் பேசவே விடுகிறீர்கள் இல்லை. மீட்டின உடனே அமத்துகிறீர்கள். மரத்தில் தட்டுகிற மாதிரி இருக்கிறது. என்ன நடந்தது?"

அக்னெஸ் யாழைத் தோளிலிருந்து இறக்கினாள். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில், காலங்களெல்லாம் பிழைபிழையாக, எல்லாவற்றையும் சொன்னாள். மரி-ஏவ் எழும்பிப் போய் யன்னலோரம் நின்றாள்.

"நான் கேட்டேன்" என்றாள் கடைசியில். "வேலையில் பிரச்சினை இல்லையா என்று நான் உங்களைக் கேட்டேன்."

"ஓம். நான் பொய் சொன்னேன்."

"நகம் இல்லாமலும் வாசிக்கலாம், அக்னெஸ். விரல் சதையால் எத்தனையோ பேர் வாசிக்கிறார்கள். ஓசை வேறுமாதிரி, அவ்வளவுதான். ஒரு சொல் சொல்லியிருந்தால் முதல் நாளே அப்படித் தொடங்கியிருப்பேன்."

"நகம் இல்லாவிட்டால் பழைய ஓசை வராது என்று சொன்னீர்களே."

"சொன்னேன்தான்." மரி-ஏவ் முகத்தைத் தடவிக்கொண்டாள். "எனக்கு அந்த ஓசையில் பைத்தியம். அதனால் அப்படிச் சொல்லியிருப்பேன். நானும் இன்னொரு தடவை கேட்டிருக்கவேண்டும்."

திரும்பிவரும்போது ஆற்றுக்குக் கீழே மெற்றோ கொஞ்ச நேரம் நின்றுவிட்டது. விளக்கு ஒருமுறை அணைந்து எரிந்தது. அக்னெஸ் இடக்கையைக் கோட்டுப் பைக்குள் வைத்து நகங்களை உள்ளங்கையில் அழுத்தியபடி இருந்தாள். சதையில் மூன்று பிறைகள் பதிந்துகிடந்தன. கிழவியின் தோலுக்கு இவ்வளவு அழுத்தம் தேவைப்பட்டிராது.

சனி காலை யோசெப்பிடம் சொன்னாள். அவன் கோப்பையைக் கீழே வைத்தான்.

"திங்கள் போய்ச் சொல்லப்போறன்" என்றாள்.

"உமக்கென்ன விசரே? பதினொரு வருசம். நிரந்தர வேலை. அந்தப் பிள்ளை சின்னப் பிள்ளை, நாளைக்கு வேற இடத்திலை எடுப்பினம்."

"நீக்கினதெண்டு எழுதினால் ஒருத்தரும் எடுக்காயினம். நான்தானே அவளுக்கு அந்தத் தாளை வாசிச்சுக் காட்டினனான்."

"அவளே நான்தான் செய்தனெண்டு சொல்லுறாள். நீர் ஏன் போய்..."

"அதுதான் எனக்குத் தாங்கேலாமல் கிடக்கு" என்றாள் அக்னெஸ். "செய்யாததைச் செய்தனெண்டு நம்பிக்கொண்டு இருக்கிறாள். நான் பஸ்ஸிலை ஏறி வந்திட்டன்."

யோசெப் எழும்பி பல்கனிக்குப் போனான். திரும்பி வந்தபோது, "திங்கள் எத்தினை மணிக்கு?" என்று மட்டும் கேட்டான்.

ஞாயிறு கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு நிற்கிற வரிசையைப் பார்த்தாள். போகவில்லை. அங்கே சொன்னால் மனம் இலேசாகிவிடும், பிறகு திங்கட்கிழமை கால் பின்வாங்கும் என்று பயந்தாள்.

திங்கள் காலை யோசெப் அவளைக் காரில் கொண்டுவந்து இறக்கினான். சில்வியின் அறைக்கு முன்னால் நின்றபோது கைப்பிடியைத் தொட இரண்டு தடவை கை போய்த் திரும்பியது. உள்ளே போய்க் கையுறையைக் கழற்றி, இடக்கையை மேசைமேல் விரித்து வைத்தாள்.

சில்வி கையைப் பார்த்தாள். முகத்தைப் பார்த்தாள். திரும்பக் கையைப் பார்த்தாள்.

"மதாம் தெபேர்ஜ். செவ்வாய் காலை. நான்" என்றாள் அக்னெஸ். "கையுறை கிழிந்தது. நகம் உடைந்தது. நான் நகத்தைத்தான் பார்த்தேன், அவருடைய கையைப் பார்க்கவில்லை. சட்டை இரத்தத்தில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. சிவமலர் கழற்றும்போது அதுதான் திரும்பக் கிழிந்தது."

"இந்த நகம் எவ்வளவு நாளாக?"

"ஒன்பது மாதம்."

"சவர்க்கார அலர்ஜி?"

"பொய்."

"எதற்கு?"

"யாழ் பழகுகிறேன்."

சில்வி அவளுக்குப் பிரெஞ்சுச் சொல் பிழைத்துவிட்டதென்று நினைத்தாள். "என்ன?" என்றாள். அக்னெஸ் வேறு வழியில்லாமல் இரண்டு கையையும் தூக்கி, இல்லாத ஒரு யாழை இடத்தோளில் சாய்த்து மீட்டிக் காட்டினாள். அந்த அறையில், அந்தக் காரியத்துக்காக நின்றுகொண்டு, தான் செய்தது எவ்வளவு கோமாளித்தனம் என்று பாதியில் விளங்கிக் கைகளைக் கீழே போட்டாள். சில்வி சிரிக்கவில்லை.

ஒரு சின்னக் கமராவை எடுத்து, விரல்களுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் பிடித்தாள். பிறகு மருந்து கட்டுகிற தள்ளுவண்டியிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து நீட்டினாள். "இப்போதே."

அக்னெஸ் வெட்டினாள். நடுவிரல் நகத்தை வெட்டும்போது சதையிலும் கொஞ்சம் பட்டது. மூன்று துண்டுகளையும் சில்வி ஒரு தாளில் தட்டிக் குப்பைக்கூடையில் போட்டாள்.

"நீ வந்திராவிட்டால் இன்றைக்குப் பத்து மணிக்கு அந்தப் பிள்ளையை வேலையிலிருந்து நீக்கியிருப்பேன். உன்னை நம்பித்தான் புதிதாக வருகிற எல்லாரையும் உன்னிடம் விட்டேன்" என்றாள் சில்வி. அவள் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம் என்று அக்னெஸுக்கு இருந்தது.

தீர்ப்பு வர இரண்டு நாள் எடுத்தது. தொழிற்சங்கத்திலிருந்து ஒருவர் வந்து பேசினார். மூன்று கிழமை இடைநிறுத்தம். கோப்பில் கடிதம். திரும்பி வந்தால் மூன்றாம் மாடி. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிற வேலை இனி இல்லை. தன் தாயை அக்னெஸ் இனித் தொடக் கூடாது என்று மதாம் தெபேர்ஜின் மகன் எழுதிக் கொடுத்தார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. புதன்கிழமை கிழவிக்குக் காய்ச்சல் விட்டது. அந்தச் செய்தியைத் தொலைபேசியில் கேட்டபோதுதான் அக்னெஸ் எட்டு நாளில் முதல்தடவையாக ஒரு கோப்பை தேநீரை முழுதாகக் குடித்தாள்.

அன்று பின்னேரமே சிவமலர் தொலைபேசியில் எடுத்தாள். திரும்ப வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்களாம். நன்றி சொல்லப்போகிறாள் என்று அக்னெஸ் நினைத்தாள்.

"பஸ் தரிப்பில நீங்க என்னட்டக் கேட்டீங்க" என்றாள் சிவமலர். "காப்பு பட்டதக் கண்டனீரோ எண்டு கேட்டீங்க. சட்ட ஒட்டினது எண்டு நான் சொன்ன உடன உங்களுக்கு விளங்கிட்டு. என்ன?"

"ஓம்."

"அஞ்சு நாள் நான் சோறு திங்கல்ல. காப்ப வெட்டினன். கல்யாணத்தில அவர்ர அம்மா போட்டுவிட்ட காப்பு. வெட்டிப்போட்டு, இந்தக் கையால இனி ஒரு மனிசரத் தொடுறதா எண்டு யோசிச்சன்." மூச்சு வாங்கியது. "நீங்க போய்ச் சொன்னது நல்லம். அதுக்காக எனக்குக் கோபம் இல்லையெண்டு நினைக்காதீங்க."

"நினைக்கேல்லை" என்றாள் அக்னெஸ். தொலைபேசி வைக்கப்பட்டுவிட்டது.

வாசிப்புக்குப் போவதில்லை என்று அவள் முடிவுசெய்திருந்தாள். மரி-ஏவிடம் அதைச் சொன்னபோது, "பெயரை நான் வெட்டவில்லை. வருவதும் வராததும் உங்கள் பாடு. ஆனால் அந்த யாழுக்கு நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை" என்றாள்.

யாழைத் தொடாமல் ஒரு நாள் இருந்தாள். இரண்டாம் நாள் வீட்டில் தனியாகச் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கப் பயமாக இருந்தது. அதற்காகவே எடுத்தாள். விரல் சதையால் மீட்டினால் கம்பி அடங்கி, உருண்டு, எங்கோ அடுத்த வீட்டிலிருந்து வருவதுபோலக் கேட்டது. பித்தளை மெல்லிய கத்தி மாதிரி அறுத்தது. இரண்டு நாளில் சுட்டுவிரலில் கொப்புளம் வந்தது. பிறாண்டல் வருகிற இடங்களைச் செய்யவே முடியவில்லை. அவற்றை விட்டுவிட்டு, அந்த இடத்தில் இன்னொரு பின்னலைப் போட்டாள். சரியா பிழையா என்று யாரிடமும் கேட்கவில்லை.

ஞாயிறு பின்னேரம் லொங்குய்யில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபம். மடக்குக் கதிரைகளில் முப்பது முப்பத்தைந்து பேர். அக்னெஸ் நாலாவது ஆள். மேடைக்குப் போகும்போது தன் கைகளைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள் என்று அவளுக்கு உறுதியாகத் தோன்றியது. இங்கே யாருக்காவது மதாம் தெபேர்ஜின் மகனைத் தெரிந்திருந்தால்? மூன்றாம் வரிசையில் ஒரு நரைத்த மனிதர் அவரைப் போலவே இருந்தார். அவர் இல்லை. அவரைப் போலவும் இல்லை.

தொடங்கினாள். முதல் பகுதி போனது. இரண்டாம் பகுதியின் நடுவில், பிறாண்டல் இருந்த இடத்துக்கு வந்தபோது, விரல் பழையபடி நகத்தைத் தேடியது. நகம் இல்லை. அடுத்தது என்ன என்று மூளையும் கையும் ஒன்றாக மறந்துபோயின. மீட்டிய கம்பிகள் நாலைந்து சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. எழும்பி ஓடிவிடலாம் என்று கால் ஆயத்தமானது.

அவள் ஓடவில்லை. கத்திக்கொண்டிருந்த கம்பிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நிறுத்தினாள். மண்டபம் முழுதாக அமைதியானது. இரண்டாம் பகுதியை முதலிலிருந்து தொடங்கி, மெதுவாக, மிகமெதுவாக, கடைசிவரைக்கும் வாசித்தாள். கொப்புளம் உடைந்து ஒரு கம்பியில் ஈரம் பட்டது. முடித்தபோது கைதட்டினார்கள், முன்னால் வாசித்தவர்களுக்குத் தட்டிய அதே அளவு.

காரில் ஏறியபின் யோசெப் கேட்டான். "நடுவிலை கொஞ்ச நேரம் நிண்டீரே, அது அந்தப் பாட்டிலை இருக்கிறதோ?"

"இல்லை. மறந்துபோனன்."

"மறந்ததெண்டு எனக்கு விளங்கேல்லை." பாலம் ஏறும்வரைக்கும் யோசித்துவிட்டு, "எனக்கு அந்த இடந்தான் நல்லாயிருந்தது" என்றான். அக்னெஸ் அழத் தொடங்கினாள். அவன் வானொலியைப் போடாமல் ஓட்டிக்கொண்டு போனான்.

ஆனி நடுவில் அவள் வேலைக்குத் திரும்பினாள். மூன்றாம் மாடியில் புதுமுகங்கள். அவள் கதை அவளுக்கு முன்னால் படியேறிவிட்டிருந்தது; சாப்பாட்டு அறையில் ஒருத்தி பேச்சை நிறுத்துவாள், இன்னொருத்தி அவள் விரல்களைப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்புவாள். அக்னெஸ் இரண்டு கையையும் மேசைமேல் வைத்துச் சாப்பிட்டாள். ஒவ்வொரு காலையும் உடுப்பு மாற்றியபின் ஒவ்வொருவரின் சட்டைக் கையையும் திரும்ப மடித்துப் பார்த்தாள். ஒருமுறை பார்த்துவிட்டுக் கதவுவரை போய்ப் பயம் பிடித்துத் திரும்பிவந்து இன்னொருமுறை பார்ப்பாள்.

நாலாம் நாள், கனத்த உடம்புக்காரர் ஒருவரைக் கட்டிலிலிருந்து தூக்கவேண்டும். அதற்கு இரண்டு பேர் வேண்டும். அன்றைக்கு மூன்றாம் மாடியில் ஆள் குறைவு. கீழேயிருந்து ஒருவரை அனுப்புவதாகச் சொன்னார்கள். வந்து நின்றது சிவமலர். தகுதிகாண் காலம் முடிந்து பகல் வேலைக்கு மாறியிருந்தாள். இடக்கை மணிக்கட்டில் காப்பு இருந்த இடம் வெளிறிக்கிடந்தது.

இருவரும் கட்டிலின் இரண்டு பக்கமும் நின்றார்கள். சிவமலர் அக்னெஸின் கைகளை நேரே பார்த்தாள். பார்க்கட்டும் என்று அக்னெஸ் விரல்களை விரித்துப் பிடித்தாள். நகங்கள் சதையோடு சேர்த்து வெட்டப்பட்டிருந்தன. சுட்டுவிரல் நுனி காய்த்துப்போய்ப் பித்தளை நிறத்தில் இருந்தது.

"இப்பவும் வாசிக்கிறீங்களா அத?" என்று கேட்டாள் சிவமலர்.

"ஓம்."

சிவமலர் தலையை ஆட்டினாள். அது சரியென்றா, பிழையென்றா என்று தெரியவில்லை. "கால் பக்கம் நல்லா இறுக்கிப் பிடியுங்க" என்றாள். அக்னெஸ் விரிப்பின் விளிம்பைச் சுருட்டிப் பிடித்தாள். மூன்று எண்ணித் தூக்கினார்கள். மனிதர் பத்திரமாகக் கதிரையில் இறங்கினார்.

கதவடியில் சிவமலர் நின்றாள். "நாளைக்கும் நான்தான் வருவன். எட்டரைக்கு ஆயத்தமா நில்லுங்க" என்று சொல்லிவிட்டு மாடிப்படிப் பக்கம் போனாள்.

அக்னெஸ் அந்த மனிதரின் சட்டைக் கையை மெல்ல மடித்து, தோலைப் பார்க்கத் தொடங்கினாள்.